விமானம் மோதினால், நெருப்புப் பிடித்தால் உயரமான கட்டடம் ஏன் விழுகிறது? எங்கள் தொடர்மாடியும் விழுமா?

ஜெகன்_வெள்ளவத்தை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கணக்காளன், கட்டடம் பற்றி ஒன்றும் தெரியாது. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தொடர்மாடியில், பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறோம். போன மாதம் ஆறாம் மாடியில் ஒரு வீட்டுக் குசினியில் தாச்சி எண்ணெய் பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்களே அணைத்துவிட்டார்கள். ஆனாலும் புகை எங்கள் மாடிவரை வந்தது.

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே யோசனை. நியூயோர்க் இரட்டைக் கோபுரம் விழுந்த வீடியோக்களாகத் தேடித் தேடிப் பார்க்கிறார். பார்த்துவிட்டு என்னிடம் மூன்று கேள்வி கேட்டார், ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

விமான எரிபொருள் எரிகிற சூட்டில் இரும்பு உருகாதாம். அப்படியென்றால் கோபுரம் எப்படி விழுந்தது?

1945இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் விமானம் மோதியது. அது இன்றும் நிற்கிறதே?

இரட்டைக் கோபுரம் விழுந்த அதே நாள் பின்னேரம், பக்கத்தில் இருந்த ஏழாம் எண் கட்டடமும் விழுந்தது. அதில் விமானமே மோதவில்லை. அது ஏன் விழுந்தது?

நான்காவது என்னுடைய கேள்வி. எங்கள் கட்டடம் நெருப்பில் விழுமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள், அப்பாவுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.


கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

உங்கள் அப்பா கேட்பது சரியான கேள்வி. இரும்பு உருகாமல் 110 மாடி பத்துப் பதினைந்து செக்கனில் தரைமட்டமாவதா? எனக்கும் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவை விடுங்கள், நம்முடைய ஊரையே பாருங்கள். 2009 பெப்ரவரி 20ஆம் திகதி இரவு கொம்பனித்தெருப் பக்கம் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் விமானம் வந்து விழுந்து நெருப்பும் பிடித்தது. கட்டடம் விழுந்ததா? 1996 ஜனவரியில் மத்திய வங்கிக்கு முன்னால் லொறி வெடித்தது. முகப்பு முழுக்கப் போனது, கட்டடம் நின்றது. அப்படியென்றால் அங்கே மட்டும் எப்படி?


மட்டப்பலகை எழுதியது:

தம்பி ஜெகன், நான் கட்டமைப்புப் பொறியியலாளன். டோஹாவில் நீண்ட காலம் இரும்புக் கட்டடங்களில் வேலை பார்த்தேன், இப்போது கொழும்பில் பழைய கட்டடங்களைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கிறேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறீர்கள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கொட்டாஞ்சேனை நண்பரின் கேள்விக்கும் இதிலேயே பதில் வரும். அந்தச் சம்பவங்களின் அரசியலை இந்தத் திரிக்குள் இழுக்கவேண்டாம், நான் இரும்பையும் கொங்கிரீட்டையும் பற்றி மட்டும் கதைக்கிறேன்.

முதலில் உருகும் கதை. இரும்பு உருக 1,500 பாகை செல்சியசுக்குக் கிட்ட வேண்டும். அந்தக் கோபுரங்களில் எரிந்த நெருப்பு அந்தச் சூட்டுக்குப் போகவில்லை, அதில் அப்பா சொல்வது சரி. ஆனால் கட்டடம் விழ இரும்பு உருகத் தேவையே இல்லை. 600 பாகை வந்தால் கட்டட இரும்பு தன் வலுவில் பாதியை இழந்துவிடும். விறைப்பு அதைவிடக் கூடுதலாகக் குறையும், அதாவது அதே சுமைக்கு முன்னைவிட அதிகமாக வளையும். அலுவலகம் ஒன்று நன்றாகப் பற்றி எரிந்தால் அறைக்குள் காற்றின் வெப்பம் 1,000 பாகைவரை போகும். ஆகவே உருகியதா இல்லையா என்று தேடுவதில் பயனில்லை. எந்தத் துண்டு எவ்வளவு நேரம் எவ்வளவு சூட்டில் கிடந்தது, அப்போது அதன்மேல் எவ்வளவு பாரம் இருந்தது, அதைத்தான் பார்க்கவேண்டும்.

இன்னொன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சூடான இரும்பு நீளும். 12 மீட்டர் பீம் ஒன்றை 500 பாகை சூடாக்கினால் ஏழெட்டு சென்றிமீட்டர் கூடும். இரண்டு பக்கமும் தூணில் போல்ட் போட்டு இறுக்கிய பீம் ஏழு சென்றிமீட்டர் எங்கே போகும்? தூணைத் தள்ளும், அல்லது போல்ட்டை அறுக்கும், அல்லது தானே நெளியும். ஏழாம் எண் கட்டடத்தின் கதை இதுதான், பிறகு வருகிறேன்.

இப்போது கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் லிஃப்டும் படிக்கட்டும் போகும் பகுதியில் 47 தூண்கள். வெளிச் சுவரில் ஒரு மீட்டருக்கு ஒன்றாக நெருக்கமாக 236 தூண்கள். இரண்டுக்கும் நடுவே தூணே இல்லாத திறந்த தளம். அந்த இடைவெளியைத் தாண்டி, நீளமான பக்கத்தில் 18 மீட்டர்வரை, மெல்லிய கம்பிகளாலும் கோண இரும்புகளாலும் முக்கோண முக்கோணமாகப் பின்னிச் செய்த ட்ரஸ் என்ற சட்டம் ஓடியது. அதன்மேல் நாலு அங்குலக் கொங்கிரீட் தளம்.

வடக்குக் கோபுரத்தில் காலை 8:46க்கு போயிங் 767 மோதியது, 93ஆம் மாடியிலிருந்து 99ஆம் மாடிவரை. முப்பதுக்கு மேற்பட்ட வெளித் தூண்கள் அறுந்தன, நடுத்தூண்களிலும் சில போயின. அந்த அடியில் விழவில்லை. ஆடி நின்றுவிட்டது. அறுந்த தூண்களின் பாரம் பக்கத்துத் தூண்களுக்கு மாறியது, உச்சியில் இருந்த பெரிய ட்ரஸ் சட்டமும் பாரத்தைப் பகிர உதவியது. 102 நிமிடம் நின்றது. மோதல் மட்டும்தான் காரணமென்றால் முதல் நிமிடத்திலேயே விழுந்திருக்கவேண்டும்.

அப்படியானால் மோதல் என்ன செய்தது? ஐந்தாறு மாடிகளில் ஒரே நேரத்தில் நெருப்பு வைத்தது. யன்னல்களை உடைத்துக் காற்றுக்கு வழி விட்டது. நெருப்பு வந்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்ளருக்குத் தண்ணீர் போகும் குழாய்களை அறுத்தது. மூன்று படிக்கட்டுகளையும் அடைத்தது. அவற்றைச் சுற்றியிருந்தது ஜிப்சம் பலகைதான், கொங்கிரீட் சுவர் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரும்பின்மேல் இருந்த தீக்காப்புப் பூச்சை உதிர்த்தது.

இந்தப் பூச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் இது விளங்கும். சாம்பல் நிறத்தில், இழையும் சீமெந்து மாதிரி ஒரு கலவையும் சேர்த்து இரும்பின்மேல் குழாயால் பீச்சியடிப்பார்கள். காய்ந்த பிறகும் விரல் நகத்தால் சுரண்டினால் உதிரும். ஒன்றிரண்டு மணி நேரம் நெருப்பை இரும்பிடம் விடாமல் வைத்திருப்பது அதன் வேலை, அடி தாங்குவது இல்லை. டோஹாவில் நாங்கள் பூச்சு அடித்து, தடிப்பு அளந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவோம். அடுத்த கிழமை ஏசி டக்ட் ஆட்கள் வந்து கிளாம்ப் மாட்டுவதற்காக ஒவ்வொரு பீமிலும் ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டித் தள்ளியிருப்பார்கள். அவர்கள் போனதும் மின்சார ஆட்கள். பிறகு சீலிங் பலகை மூடிவிடும், உள்ளே என்ன நடந்ததென்று யாருக்கும் தெரியாது. ஏணி போட்டு ஏறி, டோர்ச் அடித்து, திரும்பப் பூசவைத்தது என் வேலையில் பாதி. ஏணியால் சுரண்டினாலே உதிர்கிற சாமானுக்குள் 700 கிலோமீட்டர் வேகத்தில் விமானச் சிதறல்கள் புகுந்தால் என்ன மிஞ்சும்?

அமெரிக்காவின் தேசிய தரநிலை நிறுவனம் இதை மூன்று வருடம் ஆராய்ந்து 2005இல் அறிக்கை வெளியிட்டது. பூச்சு உதிராமல் இருந்திருந்தால், அல்லது கொஞ்சமாக மட்டும் உதிர்ந்திருந்தால், அவ்வளவு மோதலும் நெருப்பும் சேர்ந்தும் கோபுரங்கள் விழாமல் நின்றிருக்கக்கூடும் என்பதுதான் அதில் எனக்கு முக்கியமான வரி. எரிபொருள்? அது சில நிமிடங்களில் எரிந்து முடிந்தது. பிறகு எரிந்ததெல்லாம் கடதாசியும் மேசையும் கம்பளமும் கம்பியூட்டரும். எந்த அலுவலகத்திலும் இருக்கிற சாமான்கள்.

பூச்சுப் போன ட்ரஸ்கள் சூடேறித் தொய்ந்தன. தொய்ந்த தளம் தன் இரண்டு முனைகளையும் உள்ளே இழுக்கும். வெளித் தூண்களோடு பூட்டியிருந்ததால் தூண்களையும் உள்ளே இழுத்தது. வடக்குக் கோபுரத்தின் தெற்குச் சுவர் விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் சுமார் 1.4 மீட்டர் உள்ளே வளைந்திருந்தது படங்களில் தெரிகிறது. வளைந்த தூண் பாரம் தாங்காது. ஒரு சுவர் போனதும் மேலே இருந்த பன்னிரண்டு மாடியும் சரிந்து இறங்கியது.

இதில் அப்பாவுக்கு ஒரு சோதனை. ஒரு அடி பிளாஸ்டிக் அடிமட்டத்தை மேசையில் செங்குத்தாக நிறுத்தி மேலே விரலால் அமுக்கச் சொல்லுங்கள். உடனே வில்லாக வளையும். பிறகு அதன் நடுவை மற்றக் கையால் இலேசாகப் பிடித்துக்கொண்டு அமுக்கட்டும். நாலு மடங்கு பலம் வேண்டியிருக்கும். நடுவைப் பிடிக்கும் அந்தக் கைதான் தளம். தளம் பாரத்தைத் தூணுக்குக் கொடுப்பது மட்டுமில்லை, தூண் பக்கவாட்டில் நெளியாமல் பிடித்துக்கொண்டும் நிற்கிறது. பிடி விட்டுப்போய்த் தாங்கலில்லாத நீளம் இரண்டு மடங்கானால் தூணின் தாங்கு திறன் நாலில் ஒன்றாகிவிடும். நெருப்பில் விழுகிற கட்டடங்களில் பெரும்பாலும் முதலில் போவது தளமும் பீமும்தான். தூண் பிறகு தனியாக நின்று நெளிகிறது.

ஏழாம் எண் கட்டடத்தில் இது இன்னும் தெளிவு. 47 மாடி. வடக்குக் கோபுரம் விழுந்தபோது பறந்த சிதறல்களால் நெருப்புப் பிடித்தது. நகரத் தண்ணீர்க் குழாய் உடைந்து, கீழ் மாடிகளின் ஸ்ப்ரிங்ளருக்குத் தண்ணீர் இல்லை. ஏழு மணி நேரத்துக்குக் கிட்ட அணைப்பாரில்லாமல் எரிந்தது. நீண்ட பீம்கள் சூட்டில் நீண்டு, 13ஆம் மாடியில் ஒரு முக்கிய பீமை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிட்டன. அந்தத் தளம் விழுந்தது, கீழே இருந்த தளங்களும் அடுக்காகப் போயின. 79ஆம் எண் தூண் ஒன்பது மாடி உயரத்துக்குப் பிடிமானம் இல்லாமல் நின்றது. நெளிந்தது. மாலை 5:20க்கு முழுக் கட்டடமும் விழுந்தது. விமானம் மோதவில்லை என்பது சரி. தண்ணீரும் இல்லை என்பதை வீடியோக்காரர் சொல்லமாட்டார்.

எம்பயர் ஸ்டேட்டில் 1945 ஜூலை 28ஆம் திகதி மோதியது பி-25 குண்டுவீச்சு விமானம். பனிமூட்டத்தில் வழி தவறி 79ஆம் மாடிப் பக்கம் மோதியது. 14 பேர் இறந்தார்கள். அந்த விமானம் பத்துத் தொன் அளவு. 767 மோதும்போது 120 தொன்னுக்கு மேல், வேகமும் இரண்டு மடங்குக்கு மேல். எம்பயர் ஸ்டேட்டில் தூண்கள் நெருக்கம், இரும்பைச் சுற்றிக் கல்லும் கட்டுவேலையும். நெருப்பை நாற்பது நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஒரு இரும்பும் சூடேற நேரம் கிடைக்கவில்லை.

கொட்டாஞ்சேனை நண்பருக்கு: 2009இல் விழுந்தது நாலு பேர் இருக்கும் சின்ன விமானம், ஒன்றரைத் தொன்னுக்குள். மோதலின் சக்தி நிறையோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். கணக்குப் போட்டால் நியூயோர்க்கில் மோதியது அதைவிட ஆயிரம் மடங்கு. மத்திய வங்கி குண்டுவெடிப்பு வேறு வகை. அதில் 91 உயிர் போனது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கட்டமைப்பாகப் பார்த்தால் வெடிப்பு ஒரு கணத்தில் அடித்துவிட்டுப் போகும், தூண்களையும் தளங்களையும் ஒன்றாக வார்த்த கொங்கிரீட் கட்டடம் அந்த அடிக்குப் பிறகு பாரத்தை வேறு வழியாக இறக்கும்.


ஜெகன்_வெள்ளவத்தை எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. அப்பா அடிமட்டத்தை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தார். இப்போது அவருக்கு இரண்டு புதுக் கேள்வி. இரண்டாவதாக மோதப்பட்ட தெற்குக் கோபுரம் ஏன் முதலில் விழுந்தது? அப்புறம், நெருப்புப் பிடித்தது ஐந்தாறு மாடியில்தானே, கீழே இருந்த எழுபது எண்பது மாடிக்கு ஒன்றும் ஆகவில்லையே, மேல் பகுதி விழுந்தால் கீழ்ப் பகுதி ஏன் தாங்கவில்லை?

என் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை!


மட்டப்பலகை எழுதியது:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நல்ல கேள்விகள்.

தெற்குக் கோபுரத்தில் விமானம் இன்னும் வேகமாக வந்தது, 77 முதல் 85ஆம் மாடிவரை மோதியது. இடம் கீழே, அதனால் மேலே இருந்த பாரம் அதிகம். நடுவிலும் படவில்லை, ஒரு மூலையை ஒட்டிச் சாய்வாக நுழைந்தது, அதனால் ஒரு பக்கம் பலவீனமானது. 56 நிமிடத்தில் போய்விட்டது. ஆனால் சாய்வாக நுழைந்ததால் ஒரு படிக்கட்டு கொஞ்ச நேரம் தப்பியிருந்தது, மோதிய இடத்துக்கு மேலேயிருந்து 18 பேர் அதன் வழியாக இறங்கி உயிர் தப்பினார்கள். வடக்கில் மோதிய இடத்துக்கு மேலே இருந்தவர்களில் ஒருவரும் இல்லை.

கீழ்ப் பகுதி ஏன் தாங்கவில்லை என்பதற்கு எண்கள் இருக்கின்றன. ஒரு தளத்தை வெளித் தூணோடும் நடுத்தூணோடும் பிடித்திருந்த இணைப்புகள் மெதுவாக வைத்தால் பதினொரு தளத்தின் பாரம்வரை தாங்கியிருக்கும். திடீரென்று வைத்தால் அதில் பாதி, ஆறு தளம். வடக்கில் மேலிருந்து இறங்கியது 12 மாடி, தெற்கில் 29. அதுவும் வைக்கப்படவில்லை, விழுந்தது. முதல் தளம் ஒரு கணம்தான் தடுத்தது, அடுத்த தளத்துக்கு வந்தபோது பாரமும் வேகமும் கூடியிருந்தன. கீழே இருந்த தூண்கள் நல்ல நிலையில் இருந்தது உண்மை. ஆனால் விழுந்த பாரம் தூண் தலையில் ஒழுங்காக வந்து உட்காரவில்லை, தளங்களின்மேல் கொட்டியது.

இனி உங்கள் கேள்வி. கட்டட வரைபடம் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன், அது என் தொழில் பழக்கம். ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் நிற்கிற தொடர்மாடிகள் அநேகமாக எல்லாமே கொங்கிரீட். ஒரு வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் நடுவே சுவர், மாடிக்கு மாடி கொங்கிரீட் தளம். நியூயோர்க்கைப் போல ஒரு ஏக்கர் திறந்த தளம் இல்லை. நெருப்பு ஒரு வீட்டுக்குள் எரிந்து முடிய வாய்ப்பு அதிகம்.

கொங்கிரீட் தானே தன் கம்பிக்குத் தீக்காப்பு. கம்பிக்கு வெளியே இருக்கும் கொங்கிரீட்டின் தடிப்பை, அதாவது கவரை, 25, 35, 40 மில்லிமீட்டர் என்று வரைபடத்தில் போட்டிருக்கும். அந்த அளவுதான் கம்பி எத்தனை மணி நேரம் குளிராக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. வரைபடத்தில் இருப்பது கட்டும் இடத்தில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். கொங்கிரீட் ஊற்றும் நாளில் போய்ப் பாருங்கள். கம்பி வலையைத் தூக்கிப் பிடிக்கக் கவர் கட்டை வைத்திருப்பார்கள், பம்ப் குழாயை இழுத்துக்கொண்டு பத்துப் பேர் அதன்மேல் நடப்பார்கள். கட்டை சரியும், கம்பி கீழே அச்சுப் பலகையில் போய்க் குந்தும். ஒரு மேசன் பாஸ் கவர் கட்டைக்குப் பதிலாக உடைந்த டைல் துண்டு வைத்ததையும் பார்த்திருக்கிறேன். பத்து வருடத்துக்குப் பிறகு வாகனத் தரிப்பிடத்தின் கூரையில் கம்பி துருப்பிடித்து வரிவரியாகத் தெரியும். கடற்கரையோரம் உப்புக் காற்று அதைச் சீக்கிரமாக்கும். அப்படித் தெரிகிற இடத்தில் நெருப்பு வந்தால் கம்பிக்குக் காப்பு என்று ஒன்றும் இல்லை.

கொங்கிரீட்டும் சேதப்படும். 300 பாகை தாண்டினால் வலு குறையத் தொடங்கும், சில வகைக் கல் போட்ட கொங்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். எரிந்த வீட்டில் சுத்தியலால் தட்டி, சில்லு உடைத்து, அந்த நிறம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்போம். உள்ளே ஈரம் இருந்தால் நெருப்பில் ஆவியாகி மேல்தோல் வெடித்துத் தெறிக்கும்.

ஆனாலும் கொங்கிரீட் பொறுமைசாலி. மட்ரிட் நகரில் வின்ட்சர் கோபுரம் 2005 பெப்ரவரியில் இரவு முழுக்க எரிந்தது. மேல் மாடிகளில் ஓரத்தில் இருந்த இரும்புத் தூண்களுக்குக் காப்பு இல்லை, அவை போய், தளங்களின் ஓரங்களும் அவற்றோடு விழுந்தன. நடுவில் இருந்த கொங்கிரீட் பகுதி நின்றது. இடையில் இருந்த ஒரு தடித்த கொங்கிரீட் மாடி, விழுந்ததைத் தாங்கிக்கொண்டது. இதற்கு நேர் எதிர், 2017 ஜனவரியில் தெஹ்ரானில் பிளாஸ்கோ கட்டடம். பதினேழு மாடி, 1960களின் இரும்புக் கட்டடம், நிறையத் தையல் கடைகள். சில மணி நேரம் எரிந்து முழுதாக விழுந்தது. உள்ளே போயிருந்த தீயணைப்பு வீரர்கள் பலர் மாண்டார்கள். அங்கேயும் விமானம் இல்லை, தம்பி.

அதே வருடம் ஜூன் 14, லண்டன் கிரென்ஃபெல் கோபுரம். 24 மாடிக் கொங்கிரீட். நாலாம் மாடியில் ஒரு குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கி, வெளிச் சுவரில் அழகுக்கு ஒட்டிய அலுமினியத் தகட்டுக்குள் இருந்த பிளாஸ்டிக் வழியாக உச்சிவரை ஏறியது. கட்டடம் விழவில்லை. 72 பேர் இறந்தார்கள். உங்கள் தொடர்மாடி விழுமா என்று கேட்கிறீர்கள், நான் உங்கள் வீட்டில் இருந்தால் ஆறாம் மாடிப் புகை பன்னிரண்டுக்கு எந்த வழியாக வந்தது என்றுதான் கேட்பேன். படிக்கட்டுக் கதவா, கேபிள் போகும் டக்ட்டா, குப்பை போடும் குழாயா? மாடிக்கு மாடி அந்த ஓட்டைகளை அடைத்திருக்கவேண்டும்.

நெருப்பைவிட எனக்கு ஒரு படி மேலே பயம் காஸ். 1968 மே 16ஆம் திகதி லண்டனில் ரோனன் பொயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில், 18ஆம் மாடியில் ஒரு பெண் காலையில் தேநீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த வாயு வெடித்தது. வெடிப்பு பெரிது என்றே சொல்லமுடியாது, அந்தப் பெண் உயிர் தப்பினார். ஆனால் அந்தக் கட்டடத்துக்குத் தூண் இல்லை, தொழிற்சாலையில் வார்த்த சுவர்ப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டியது, மூட்டுகள் பலவீனம். ஒரு சுவர் வெளியே தள்ளப்பட்டதும் அந்த மூலை மேலிருந்து கீழ்வரை போனது. நாலு பேர் பலி. திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதன் பிறகுதான் ஒரு துண்டு போனால் முழுக் கட்டடமும் போகக்கூடாது என்று விதி எழுதினார்கள். உங்கள் கட்டடம் அந்த வகை இல்லை. ஆனால் 2021 கடைசியில் நம் நாட்டில் காஸ் சிலிண்டர்கள் வெடித்த செய்திகள் உங்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டாம் மாடியில் அடைத்த குசினி அலுமாரிக்குள் சிலிண்டர் வைப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.


சாந்தி_பம்பலப்பிட்டி எழுதியது:

நான் எங்கள் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவில் இருக்கிறேன். அண்ணா சொன்ன புகை விஷயத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் படிக்கட்டுத் தீக்கதவுகள் தானாக மூடிக்கொள்ளும் வகை. சனம் காற்றுக்காக ஒவ்வொரு மாடியிலும் பூச்சாடி வைத்துத் திறந்து வைத்திருந்தது. ஏழாம் மாடியில் ஒருவர் படிக்கட்டில் சப்பாத்து றாக்கை, சைக்கிள், பழைய மெத்தை எல்லாம் அடுக்கியிருந்தார். கூட்டத்தில் எடுக்கச் சொன்னால், "வாங்கின காசில் படிக்கட்டும் சேர்த்திதானே" என்றார்! கடைசியில் மாநகர சபைத் தீயணைப்புப் படையிலிருந்து ஒரு அதிகாரியைக் கூப்பிட்டு, அவர் வாயால் சொல்லவைத்த பிறகுதான் மெத்தை போனது.

இன்னொன்று நெருப்பணைக்கும் தண்ணீர்ப் பம்ப். வருடா வருடம் பராமரிப்புக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒரு கொம்பனி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகும். ஒருநாள் மொட்டை மாடியில் குழாயைத் திறந்து காட்டுங்கள் என்றோம். சொட்டு வந்தது. இப்போது திறந்து காட்டாமல் பில் கட்டுவதில்லை. ஜெகன், உங்கள் கட்டடத்திலும் உச்சி மாடியில் திறக்கச் சொல்லுங்கள், கீழே திறந்து காட்டினால் நம்பவேண்டாம், கீழே எப்போதும் வேகமாகத்தான் வரும்.


கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

ஏழாம் எண் கட்டடம் பற்றி இன்னும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் தண்ணீர்க் குழாய் விஷயம் நான் கேள்விப்படவே இல்லை, அது நியாயம். பம்ப் கதை எங்கள் இடத்திலும் அதே. மட்டப்பலகை அண்ணா, ஜெகன் வீட்டுக்கு மட்டும் இல்லாமல் பொதுவாக ஒன்று கேட்கிறேன். புதிதாகக் கட்டுகிற அறுபது மாடி, எழுபது மாடிக் கோபுரங்களின் தளங்கள் மெல்லிசாக இருக்கின்றனவே, அவை பழைய கட்டடத்தைவிட நெருப்பில் மோசமா?


மட்டப்பலகை எழுதியது:

மெல்லிசாக இருப்பதற்குக் காரணம் பீட்டீ, அதாவது போஸ்ட் டென்ஷன், தளம். கொங்கிரீட்டுக்குள் சாதாரணக் கம்பியோடு உயர்வலுக் கம்பிக் கயிறுகளையும் போட்டு, கொங்கிரீட் இறுகிய பிறகு ஜக்கால் இழுத்துப் பூட்டுவார்கள். பீம் குறையும், மாடி உயரம் மிஞ்சும், கட்டுபவருக்கு லாபம். வடிவமைப்புச் சரியாக இருந்தால் நல்ல முறைதான், நானே செய்திருக்கிறேன். மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கயிறு சாதாரணக் கம்பியைவிட முந்திச் சூட்டுக்கு விட்டுக்கொடுக்கும். 400 பாகைக்குக் கிட்டவே பாதி வலு போய்விடும். அதனால் அதற்குக் கவர் கூடுதலாக வேண்டும், அந்தக் கவரில் கைவைக்கவும் கூடாது.

கைவைப்பது யார் என்றால், குடியேறிய பிறகு சீலிங் போட வருகிற ஆட்கள். ஹமர் ட்ரில்லை எடுத்துக் கூரைத் தளத்தில் எண்ணிக்கையில்லாமல் துளை போடுவார்கள். ஜெகன், உங்கள் கட்டடம் புதிது என்றால் இதைக் கேட்டு வையுங்கள்: பீட்டீ தளமா, கயிறு போகும் வரைபடம் முகாமைத்துவ அலுவலகத்தில் இருக்கிறதா, துளை போடுவதற்கு முன் ஸ்கேன் பண்ண யாரைக் கூப்பிடுவது. சில கட்டடங்களில் கயிறு போகும் கோட்டைத் தளத்தின் அடியில் பெயின்டால் குறித்திருப்பார்கள், முதல் வெள்ளையடிப்போடு அது போய்விடும். வரைபடம் இல்லை என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். கட்டியவரிடம் ஒரு பிரதி கட்டாயம் இருக்கும்.